பின்பக்கம் இல்லாத கோட்டை

குழந்தைக்குப் பொம்மை வாங்கும்போது பெட்டியின் மேலிருக்கிற படத்தை நம்பக் கூடாது, ஐயா. பெட்டியைத் தூக்கி ஒருமுறை குலுக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே சரக்கு எவ்வளவு, காற்று எவ்வளவு என்று கைக்கே தெரிந்துவிடும். இத்தனை வருஷமாகப் பிளாஸ்டிக்கோடு மாரடிக்கிற எனக்கே அன்றைக்கு அது தோன்றாமல் போனது. உங்களுக்கும் ஒரு பெண் குழந்தை இருப்பதாக ஏட்டையா சொன்னார். அதனால்தான் முதலில் இதைச் சொல்லி வைக்கிறேன்.

என் பெயர் ஆசீர்வாதம். வீடு புதுவாயல். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பொம்மை வார்க்கிற கம்பெனியில் ஷிப்ட் இன்சார்ஜ். மனைவி சாராள். ஒரே மகள் ஏஞ்சலின், நான்காம் வகுப்பு படிக்கிறாள். இறந்துபோன ஸ்டீபன் சாராளின் தம்பி. அவனைக் கம்பெனியில் சேர்த்துவிட்டதே நான்தான். அந்த வீட்டுக்கு நான் செய்த நல்லதுகளை நானாகச் சொல்லிக்காட்டிப் பழக்கமில்லை.

ஏஞ்சலினுக்கு 'நெருப்புக்கோட்டை' படங்கள் என்றால் உயிர். இதுவரை மூன்று பாகம் வந்திருக்கிறது. மூன்றும் அவளுக்கு மனப்பாடம். அதில் வரும் கோட்டையை பிளாக்ஸ் செட்டாக விற்கப் போகிறார்கள், பிளாக்குகளை எங்கள் கம்பெனிதான் வார்க்கிறது என்று தெரிந்த அன்றைக்கு ஸ்வீட் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். "பாப்பா, உன் ராணியோட கோட்டைய அப்பாதான் கட்டப் போறேன்" என்றேன். அவள் அதைப் பள்ளிக்கூடம் முழுக்கப் பரப்பிவிட்டாள். தெருவில் நான் போனால் பிள்ளைகள் எழுந்து நிற்கும். தகப்பனை அவன் பிள்ளை அப்படிப் பார்க்கிற காலம் கொஞ்சம்தான், ஐயா. அந்தப் பார்வைக்கு நான் ஆசைப்பட்டேன். அதில் தப்பு ஒன்றும் இல்லை.

அவளுடைய பிறந்தநாளுக்கு ரயில் ஏறிச் சென்னைக்குப் போய், பெரிய மால் ஒன்றில் அந்தச் செட்டை வாங்கி வந்தேன். விலையைக் கேட்ட சாராள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இன்னாங்க இது, இந்தக் காசுக்கு ஒரு பீரோவே வாங்கிப் போட்டிருக்கலாமே" என்றாள். பெட்டி அவ்வளவு பெரியது. மேலே தீ கக்கும் கோபுரங்கள், மதில், டிராகன். தெருப் பிள்ளைகளை எல்லாம் கூப்பிட்டு நடுவீட்டில் பிரித்தோம்.

உள்ளே பாதிப் பெட்டி காற்று. டிராகன் என்று நாலு துண்டு. ராணிக்குக் கால் இல்லை, பாவாடை என்று ஒரு கட்டியை வைத்திருந்தார்கள். சுவரின் கல்வேலை எல்லாம் ஸ்டிக்கர். அதையும் நாமே ஒட்ட வேண்டும். ஒட்டினால் கோணும். சரி, மேஜை மேல் வைத்துக் கட்டினோம். முன்பக்கம் பார்க்கக் கோட்டை மாதிரிதான் இருந்தது. எதிர்வீட்டுப் பெண் பூமிகா சுற்றிப் போய்ப் பார்த்துவிட்டு, "அங்கிள், இதுக்குப் பின்னாடி ஒண்ணுமே இல்லியே" என்றாள். பின்பக்கம் இல்லைதான். சினிமா செட் போலத் திறந்து கிடந்தது. அவள் கேக் தட்டை மேஜையில் வைத்தாள், அவ்வளவுதான். கோபுரம் சரிந்தது. ஒரு பிளாக் இன்னொன்றைப் பிடிக்கவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள்.

ஏஞ்சலின் அழவில்லை. அழுதிருந்தால் தூக்கிச் சமாதானம் செய்திருப்பேன். என்னைப் பார்த்து மெதுவாக, "அப்பா, இது நீ பண்ணதாப்பா?" என்று கேட்டாள்.

"யாரோ தப்பு பண்ணிருக்காங்க பாப்பா. அப்பா கண்டுபிடிக்கிறேன்" என்றேன்.

அப்போது எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், ஒருவனைத் தவிர. கதவோரம் நின்ற ஸ்டீபன் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தான், உடனே தலையைக் குனிந்துகொண்டான். மடியில் கனமில்லாதவன் எதற்குத் தலை குனிய வேண்டும்? என் சந்தேகம் அங்கேதான் பிறந்தது.

அவன் வேலை கலவை போடுவது. வார்க்கும்போது கழியும் துண்டுகளையும், தேறாமல் ஒதுக்கிய பிளாக்குகளையும் கிரைண்டரில் போட்டு உடைப்போம். எங்களுக்கு அது அரவை. புதுப் பிளாஸ்டிக் குருணையோடு அரவையைக் கொஞ்சம் கலக்கலாம். மிஞ்சினால் பிளாக்கில் பிடிப்பு இருக்காது. சேர்த்தால் நிற்காது, வளைத்தால் உடையும். அந்தக் கோட்டைக்கு அரவையைக் கொட்டியவன் ஸ்டீபன். அவன் கையால்தான் எல்லாம் நடந்தது. வேறு யாரும் அந்த டிரம்மைத் தொடுவதில்லை.

நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். ஆமாம், அரவையைக் கூட்டச் சொன்னது நான்தான். புதுக் குருணைச் செலவைக் குறைக்க வேண்டும் என்று மேனேஜர் சொன்னார். அதை நான் ஸ்டீபனிடம் சொன்னேன். அவன் டிரம்மின் பக்கத்தில் நின்றுகொண்டு தலையைச் சொறிந்தான்.

"வேணாம் மாமா. இவ்ளோ அரவ போட்டா பிடிக்காது. பசங்க வெளாடற சாமான், பேஜாராயிடும்."

"சொன்னதச் செய்யி மச்சான். பேசிக்கினு நிக்காத."

செய்தான். இதைத்தான் நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். கெட்டுப்போகும் என்று தெரிந்தவன் அவன். தெரிந்தே செய்தான். மறுத்திருக்கலாம், மறுக்கவில்லை. சொல்வது வாய், செய்வது கை. நான் என் பிள்ளைக்கே வாங்கிக் கொடுத்தேன் என்றால் எவ்வளவு நம்பியிருப்பேன் என்று பாருங்கள்.

பிறந்தநாளுக்குப் பிறகு அவன் நடவடிக்கை மாறிவிட்டது. கேன்டீனில் நான் போய் உட்கார்ந்தால் நாஷ்டாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போவான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்ததும் ஏஞ்சலினை பைக்கில் வைத்துக்கொண்டு பொன்னேரிக்கு ஐஸ்கிரீம் வாங்கப் போவான். திரும்பி வரும்போது இரண்டு பேரும் ஏதோ பேசிக்கொண்டே வருவார்கள். என்னைக் கண்டதும் நிறுத்திவிடுவார்கள். "மாமன்கிட்ட இன்னா பேசுன?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லப்பா" என்றாள். என் மகள் என்னிடம் ஒண்ணுமில்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டான் என்று முடிவு கட்டினேன். அரவை போடச் சொன்னது உன் அப்பன்தான் என்று குழந்தையிடம் சொல்லியிருப்பான். வேறு என்ன இருக்க முடியும்?

ஆனாலும் நான் கோபப்படவில்லை. அவனிடம் முன்பைவிட நன்றாகவே பழகினேன்.

இப்போது அந்தப் பிற்பகலுக்கு வருகிறேன். கிரைண்டரில் பிளாஸ்டிக் கட்டி சிக்கிக்கொண்டது. அதில் மூடி திறந்தால் தானாக நிற்கிற வசதி எப்போதோ கெட்டுவிட்டது. அதனால் எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே கையை விடுகிறவன் முதலில் போர்டிலிருந்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்குவான். சட்டைப் பையில் போட்டால் குனியும்போது விழும் என்பதால், அங்கே நிற்கிறவர்களில் தன் ஆள் என்று நம்புகிற ஒருவர் கையில் கொடுப்பான். வாங்கியவர் அங்கேயே நிற்க வேண்டும். அவனே கை நீட்டிக் கேட்டால்தான் திருப்பித் தர வேண்டும். எங்களுக்கு அது சத்தியம் மாதிரி. அடிதடி போட்டுக்கொண்டவர்கள்கூட அதை மீறியதில்லை.

அன்றைக்கு அங்கே பேக்கிங் கன்னியம்மா நின்றாள், எலக்ட்ரீஷியன் நின்றார். ஸ்டீபன் அவர்களைத் தாண்டி வந்து கட்டையை என் கையில் கொடுத்தான். தோள்வரை கையை உள்ளே விட்டுக் கட்டியைத் தேடினான். முகம் என் பக்கம் திரும்பியிருந்தது. மற்ற இரண்டு பேரும் அவரவர் வேலையைப் பார்க்கத் தள்ளிப் போனபிறகு, தாழ்ந்த குரலில் பேசினான்.

"மாமா, பாப்பா ரொம்ப மனசொடஞ்சி கெடந்திச்சி. அப்பாவா அப்டி பண்ணாருன்னு கேட்டுக்கினே இருந்திச்சி. நான்தான் கலவையத் தப்பாப் போட்டுட்டேன், அப்பாக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு சொல்லிட்டேன். நீ ஒண்ணும் கவலப்படாத."

முழுதாகத்தான் கேட்டேன், ஐயா. பாதி கேட்டு ஆத்திரப்பட்டேன் என்று எழுதாதீர்கள். எனக்கு அவன் மேல் பாசம்கூட வந்தது. இப்படி ஒரு மச்சான் யாருக்குக் கிடைப்பான் என்று நினைத்தேன். கூடவே இன்னொன்றையும் நினைத்தேன். இன்றைக்கு எனக்காகப் பொய் சொல்கிறவன் நாளைக்கு உண்மையைச் சொல்லமாட்டான் என்று என்ன நிச்சயம்? எங்களுக்குள் ஒரு மனஸ்தாபம் வரலாம், குடித்துவிட்டு உளறலாம், ஏஞ்சலின் வளர்ந்து மறுபடி கேட்கலாம். அவன் அந்த வார்த்தையை மாற்றாத வரைக்கும்தான் என் மகளுக்கு நான் அப்பா. அப்போது அந்த வார்த்தை பத்திரமாக இருந்தது. அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

போர்டு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கட்டையை அதன் இடத்தில் வைத்து அழுத்தினேன். சுவிட்ச் போட்டபடியேதான் இருந்தது, கிரைண்டர் ஓடியது. திரும்பிப் பார்த்த கன்னியம்மா உங்களிடம் சொன்னது அத்தனையும் உண்மை. அவளை இனிமேல் அலைக்கழிக்க வேண்டாம். ஆம்புலன்ஸில் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனதும் நான்தான். நெடுஞ்சாலை முழுக்க லாரி. எங்கள் ஊரைத் தாண்டுவதற்குள் போய்விட்டான். கடைசிவரை என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தான். கட்டை எப்படித் திரும்பப் போர்டில் ஏறியது என்றுகூட அவன் கேட்கவில்லை.

அடக்கத்தன்று ஏஞ்சலின் பெட்டியின் பக்கத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுது அழுது குரல் கம்மிப்போயிருந்தது. "அப்பா, கோட்டையக் கெடுத்தது மாமாதான்னு மாமாவே சொன்னாரு. நீ அவர மன்னிச்சிட்டியாப்பா?" என்று கேட்டாள்.

"மன்னிச்சிட்டேன் பாப்பா" என்றேன். அவள் என்னைப் பழையபடி பார்த்தாள்.

அவ்வளவுதான், ஐயா. கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கெட்டவன் என்று மட்டும் எழுத வேண்டாம். ஸ்டீபன் உயிரோடு இருந்திருந்தால் அவனே இங்கு வந்து எனக்காகச் சொல்லியிருப்பான்.