எங்கள் தொட்டிக்கு ஆகாத மருந்து

எங்கள் வீட்டுக் கழிவறையில் நாங்கள் பினாயில் ஊற்றுவதில்லை, சார். வெறும் தண்ணீரும் தேய்க்கிற பிரஷ்ஷும்தான். கேட்டவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். ஆனால் வந்து பார்த்தவர்கள் யாரும் நாற்றம் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை.

குட்டநாட்டில் வீடு கட்டுவது பெரிய காரியமில்லை, கழிவுத்தொட்டி கட்டுவதுதான் காரியம். மண்வெட்டியை ஆழமாகப் போட்டாலே தண்ணீர் வந்துவிடும். வெள்ளத்தில் எங்கள் பழைய தொட்டி மண்ணைப் பிளந்துகொண்டு மிதந்து மேலே வந்துவிட்டது. தண்ணீர் வடிந்ததும் மண் போட்டு மேடாக்கி, நானே கூட நின்று, மூன்று அறைத் தொட்டி கட்டினேன். முதல் அறையில் கசடு தங்கும், அடுத்ததில் தெளியும், மூன்றாவதிலிருந்து போகும் தண்ணீர் சரளைக்கல்லில் இறங்கிவிடும்.

கட்டினால் மட்டும் போதாது. ஒரு வாளி பசுஞ்சாணியைக் கரைத்து ஊற்றி உயிர் கொடுத்தேன். சாணியில் இருக்கிற நுண்ணுயிர்கள்தான் உள்ளே வேலை செய்பவை. காற்று கேட்காது, வெளிச்சம் கேட்காது, நாம் போடுவதைத் தின்றுவிட்டு நமக்காகவே உழைக்கும். பெற்ற பிள்ளைகள்கூட இவ்வளவு செய்வதில்லை. எனக்கும் என் மனைவி எலியாம்மாவுக்கும் பிள்ளைகள் இல்லை, அது வேறு விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மூடியைத் திறப்பேன். மூங்கில் கழியில் வெள்ளைத் துணி சுற்றி உள்ளே விட்டு எடுத்தால், கசடு எவ்வளவு உயரம் என்று கறை காட்டிக் கொடுக்கும். நல்ல தொட்டி நாறாது, சார். மழை பெய்த வயல் மாதிரி ஒரு வாசனைதான் வரும்.

லூக்கோஸ் எலியாம்மாவின் தம்பி. கல்யாணம் செய்துகொள்ளாதவன், அவளுக்கு இருந்த ஒரே உடன்பிறப்பு. எனக்கும் அவனை நிரம்பப் பிடிக்கும், அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். வயல் வரப்பில் உடைந்த ஓடு குத்தி அவன் காலில் புண். சர்க்கரை வியாதி வேறு. ஆலப்புழையில் கீறிக் கட்டிவிட்டு, ஒரு மாதத்துக்குக் குளிகை எழுதிக் கொடுத்தார்கள். ஒரு வேளை தவறினாலும் காலை எடுக்க வேண்டிவரும், அதைத் தாண்டியும் போகலாம் என்றார் டாக்டர். என் எதிரில்தான் சொன்னார். எலியாம்மா அவனை நேராக எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டாள்.

வந்த முதல் வாரமே தொட்டி மாறிவிட்டது. மூடியைத் திறந்தால் அழுகின முட்டை நாற்றம். பாலாடை மாதிரி மேலே படரும் ஆடை கிழிந்து கிடந்தது. நான் யோசித்துப் பார்த்தேன். கிருமியைக் கொல்லும் மருந்து அவன் உடம்புக்குள் போகிறது, பாதி அப்படியே வெளியே வருகிறது, எங்கே வருகிறது? புண்ணில் இருப்பதும் நுண்ணுயிர், தொட்டியில் இருப்பதும் நுண்ணுயிர். மருந்துக்கு ஆள் தெரியுமா?

நான் எடுத்த எடுப்பில் அந்தக் காரியத்தில் இறங்கவில்லை. முதலில் அவனிடம் தன்மையாகத்தான் கேட்டேன். அக்கரைக் கள்ளுக்கடையில் ஒரு கழிவறை இருக்கிறது, வேளாவேளைக்கு நானே வள்ளத்தில் கூட்டிப்போகிறேன் என்றேன். அவன் கட்டிலில் சாய்ந்துகொண்டு சிரித்தான்.

"ஒண்ணுக்குப் போக வள்ளம் ஏறணுமா மச்சான்? உங்க தொட்டிக்கு ஞானஸ்நானம் ஆயிடுச்சா, இல்ல இனிமேதானா? சொல்லுங்க, நானே ஞானத்தகப்பனா நிக்கிறேன்."

எலியாம்மாவும் சிரித்தாள். எனக்கு மனசு விட்டுப்போயிற்று. அன்றைக்கு நான் சோறு உண்ணவில்லை, அதை இருவரும் கவனிக்கவில்லை.

அதன் பிறகுதான் குளிகையைத் திறந்தேன். இரண்டு பக்கமும் பிடித்து மெல்லத் திருகினால் கழன்று வந்துவிடும். உள்ளே இருந்த பொடியைத் தட்டிவிட்டு, கூவைப்பொடி நிரப்பி மூடினேன். குழந்தைகளுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பார்களே, அந்தக் கூவை. வயிற்றுக்குக் குளிர்ச்சி. விஷம் எதுவும் வைக்கவில்லை, சார். எடுத்த மருந்தைத் தண்ணீரில் கொட்டினால் மீனுக்கு ஆகாது. அதனால் வாத்துத் தீவனத்தில் கலந்துவிட்டேன். வாத்துகள் நன்றாகப் பருத்தன.

எலியாம்மா ஒரு வேளை தவறவிடவில்லை. மணி பார்த்து எழுப்பி, தலையைத் தாங்கிப் பிடித்து, சிலுவை போட்டு விழுங்க வைத்தாள். தொட்டி தேறியது. நாற்றம் அடங்கியது, ஆடை மறுபடி படர்ந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. லூக்கோஸின் கால் மட்டும் கறுத்துக்கொண்டே போயிற்று. எலியாம்மா பயந்து டாக்டருக்குப் போன் செய்தாள். அவர் இன்னும் வீரியமான குளிகை எழுதினார். அது அளவில் பெரியது, கூவை கொஞ்சம் கூடுதலாகப் பிடித்தது.

கடைசியில் காய்ச்சல் ஏறி அவனுக்கு விழுங்க முடியாமல் போயிற்று. எலியாம்மா குளிகையைப் பிரித்து வெந்நீரில் கொட்டிக் கலக்கினாள். மருந்து என்றால் கரையும். இது கரண்டியில் பசைபோல ஒட்டிக்கொண்டு, கண்ணாடி மாதிரி தெளிந்துவிட்டது. கூவை வெந்தால் எப்படி இருக்கும் என்று எங்கள் ஊர்ப் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா? நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"இச்சாயா, மருந்து எங்க?"

"வாத்துக்குப் போட்டுட்டேன்" என்றேன். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"அவன் என் தம்பி."

"தெரியும் எலியாம்மா. அதனாலதான் கலப்படம் இல்லாத கூவையா பாத்து வாங்கினேன்."

அவள் கரண்டியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு அவனைப் படகில் ஏற்றி ஆலப்புழைக்குக் கொண்டு போனாள். புண்ணின் விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். அங்கேயே அவன் போய்விட்டான். அடக்கத்துக்குக் கரைக்காரர்கள் எல்லாரும் திரண்டு வந்தார்கள். அத்தனை பேரைத் தொட்டி தாங்காது என்று கழிவறையைப் பூட்டிச் சாவியை மடியில் வைத்துக்கொண்டேன். வயசானவர்கள் சிலர் சங்கடப்பட்டார்கள்தான். நானும் அழுதேன், யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

சார், நான் உள்ளே வந்ததிலிருந்து நீங்கள் லூக்கோஸைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டேன். மருந்தை மாற்றியது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நான் இன்று காலை துடுப்புப் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தது அதற்காக இல்லை.

விடிந்ததும் எழுந்து பார்த்தேன். எலியாம்மா தொட்டி மூடியைத் தள்ளிவிட்டு, கிணற்றுக்குப் போடப் பஞ்சாயத்தில் கொடுத்த பிளீச்சிங் பொடியை வாளி வாளியாக உள்ளே கொட்டிக்கொண்டிருந்தாள். மூன்று அறையிலும். நான் காலில் விழுந்தேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நுரை பொங்கி அடங்கிற்று, அப்புறம் ஒரு அசைவும் இல்லை. ஒன்றுமறியாத உயிர்கள், சார், யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாதவை. கட்டிய மனைவி என்று பார்த்து நான் மறைக்கப் போவதில்லை. கொலை வழக்கு எழுதிக்கொள்ளுங்கள்.