அலமாரியில் ஒரு குரல்

உக்கடம் பேருந்தில் எனக்கு முன்னால் காட்டு வேலை செய்யும் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் சொன்னாள்:

“என்ற பேச்சை லைப்ரரில வெச்சிருக்காங்கக்கா.”

“பேச்சையா?”

“ஆமாங்க. காலேஜ் லைப்ரரில பொம்பளைங்களைப் பத்திப் படிக்கறதுக்குன்னே ஒரு அலமாரிங்க. காலேஜ்ல இருந்து வந்து நான் பேசுனதைப் பதிஞ்சுட்டுப் போனாங்கல்ல, அந்தக் கேசட்டு அதுல இருக்குதுங்க. படிக்கற புள்ளைங்க காதுல மாட்டிக் கேக்குதுங்க. ஒரு புள்ள அழுதுபோட்டா.”

“அப்படி என்னத்தைச் சொன்னே அம்மணி?”

“களையெடுக்கறப்போ வலி வந்து, சோளக்காட்டுலயே மூத்தவளைப் பெத்தேனே, அதைத்தானுங்க.”

மூத்தவர் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

“நானும் காட்டுலதான் பெத்தேன். குழந்தை தங்கலை. எப்படி இருந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் கேக்கலை. அதையும் வெப்பாங்களா?”

“வெப்பாங்கக்கா.”

மார்க்கெட்டுக்கென்று காலிக் கூடையோடு வந்த மூத்தவர், உக்கடத்தில் இறங்கியதும் இளையவளோடு காலேஜ் பக்கம் நடந்தார்.