எழுபது அடி

ஜீவராஜ் சேர் நலமாக வீடு திரும்பிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். இரண்டு முழங்கைகளிலும் சிராய்ப்பு, வேறொன்றுமில்லையாம். மகிழ்ச்சி. அவர் எனக்கு உயர்தரத்தில் பௌதிகம் படிப்பித்தவர். ஒரு கல்லூரியின் பிரதி அதிபர், காலைக் கூட்டம் நடக்கும்போது, புதிதாகக் கட்டிய ஆசிரியர் கழிவறைக்குள் நாற்பது நிமிடம் சிக்கியிருப்பது நல்லதல்ல. மேசன் கதவு நிலையை உடைக்கும் சத்தம் கேட்காமலிருக்கப் பிள்ளைகளைக் கொண்டு கல்லூரிக் கீதத்தை மூன்று தடவை பாடவைத்ததும் தேவையற்றது.

கைருன்னிஸா மெடம், விசாரணைக் குழுத் தலைவியாக நீங்கள் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. பதிவுபெற்ற நில அளவையாளர் ஒருவர் தன் பழைய கல்லூரிக்குப் பிழையான அளவு நாடாவை ஏன் அன்பளிப்புச் செய்தார்? எழுத்தில் கேட்டீர்கள். எழுத்தில் பதில் தருகிறேன்.

நாடா பிழையானது அல்ல. அதில் ஒவ்வொரு அடியும் மற்ற அடிக்குச் சமம். நானே பலமுறை சரிபார்த்தேன். ஒரேயொரு விடயம், அந்த அடி ஏழு அங்குலமும் கொஞ்சமும்.

காரணம் என் மனைவி மேனுகா. அவளை உங்களுக்குத் தெரியாது. எங்கள் கல்லூரிக் கூடைப்பந்து அணியில் இருந்தவள். பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னர், வெள்ளவத்தையில், எங்கள் சொந்த மைதானத்தில், கொட்டாஞ்சேனைக் கல்லூரி ஒன்றுடன் இறுதிப் போட்டி. முப்பத்தொன்பதுக்கு முப்பத்தேழு என்று பின்னால் நின்றோம். மூன்று வினாடி மீதி. மேனுகா நடுக்கோட்டுக்குப் பின்னாலிருந்து எறிந்தாள். பந்து வளையத்தில் படாமல் வலைக்குள் இறங்கியது. மூன்று புள்ளி. வென்றோம். அதற்குப் பிறகு கல்லூரியில் எவர் தூரத்திலிருந்து எறிந்தாலும் ‘மேனுகா அடி’ என்றுதான் சொல்வார்கள். நான் கோட்டின் ஓரத்தில் நின்று பார்த்தேன். வலது கையால் எறிந்தாள்.

பிறகு நாங்கள் கலியாணம் செய்தோம். சென்ற வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவளுடைய மூளையில் ஓர் இரத்தக் குழாய் வெடித்தது. தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு முப்பது வயது.

எங்கள் ஆட்களில், இறந்தவருடைய முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் ஒன்று அச்சிட்டுக் கொடுப்பது வழக்கம். தேவாரம், வாழ்க்கைக் குறிப்பு, கடைசிப் பக்கத்தில் குடும்பத்தினர் நன்றி. நடுவில் யாராவது செய்யுள் எழுதுவார்கள். மேனுகாவுக்கு அவளுடைய தாய்மாமன் சிவபாதசுந்தரம் எழுதினார். ஓய்வுபெற்ற தபாலதிபர். குடும்பத்தில் யார் இறந்தாலும் அவர்தான். ‘எழுபது அடியினின்று எறிந்தவளே, இன்று நாம் அழுவது கேளாயோ’ என்று ஒரு வரி வந்தது. நடுக்கோட்டிலிருந்து வளையத்துக்கு எழுபது அடி வராது. எதுகைக்காக மாமா போட்ட எண் அது. நானூறு பிரதி அச்சாகிவிட்டது. கனடாவுக்கும் போய்விட்டது.

அச்சில் வந்தது அளவுத் திட்டம் மாதிரி. பதிவாகிவிட்டால் நிலம்தான் அதற்கு ஏற்ப இருக்கவேண்டும். எங்கள் தொழிலில் அப்படித்தான்.

மேனுகாவுடன் அதே அணியில் விளையாடிய லவினா இப்போது கல்லூரியில் விளையாட்டு ஆசிரியை. மலரை வாசித்துவிட்டு என் வீட்டுக்கே வந்தார்.

“கிஷாந்த், இதென்ன எழுபது அடி? நடுக்கோட்டுக்கு ரெண்டடி பின்னாலதானே நிண்டவள். நான் வளையத்துக்குக் கீழ நிண்டனான். எனக்குத்தான் பாஸ் போட்டவள் எண்டு இப்பவும் நினைக்கிறன்.”

“எழுபதுதான். நான் பாத்தனான்.”

“பாத்தனீரோ? அப்ப எந்தக் கையால எறிஞ்சவள்?”

“வலது.”

“ரெண்டு கையாலயும். வாளித் தண்ணி ஊத்துற மாதிரி.” என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “சரி விடும். ஆண்டுத் திதிக்கு அந்த இடத்தில சிவப்பு வட்டம் ஒண்டு கீறுவம். எல்லாருக்கும் முன்னால அளந்து, சுவரில கல்லும் பதிப்பம். அவள் பாவம், சும்மா புளுகி எண்டு பேர் வரக்கூடாது.”

நியாயமான யோசனை. மறுப்பதற்கு என்னிடம் காரணம் இருக்கவில்லை. நான் தனியாகப் போய் அளந்து பார்த்தேன். நாற்பத்து மூன்று அடி. மைதானத்தை நீட்ட முடியாது. வளையத்தை நகர்த்த முடியாது. மிஞ்சியது அடி. நாற்பத்து மூன்றை எழுபதால் பிரித்தேன்.

கொட்டாஞ்சேனையில் கலியாண ரிபனும் கோயில் பதாகையும் அச்சிடும் ஒரு கடை உண்டு. ஸீனத் என்ற பெண் நடத்துகிறார். நான் கொடுத்த வரைபைக் கணினியில் திறந்து, தன் விரலை அதன்மேல் வைத்துப் பார்த்தார்.

“அண்ணே, இந்த அடி நோன்பு பிடிச்ச மாதிரி மெலிஞ்சி கெடக்கே.”

“அப்படித்தான் வேண்டும்.”

“எங்கட வாப்பா துணிக்கடை வெச்சிருந்த காலத்துல இத நீங்க கொண்டந்திருக்கணும்” என்றார். பிறகு வேறு கேள்வி கேட்கவில்லை. நல்ல கித்தானில், மறுபக்கம் மீட்டரும் அதே விகிதத்தில், நூற்றைம்பது அடி. தோலுறையில் ‘மேனுகா நினைவாக’ என்று பொன்னெழுத்து. அழகான வேலை.

ஆண்டுத் திதிக்கு மறுநாள் அளந்தார்கள். ஒரு நுனியை லவினா மிஸ் வட்டத்தில் பிடித்தார். மறு நுனியை ஜீவராஜ் சேர் வளையத்துக்கு நேர்கீழே பிடித்தார். எழுபது அடி, ஓர் அங்குலம் கூடக் குறையவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். லவினா மிஸ் அழுதார். என்னிடம் வந்து மன்னிப்புக் கேட்டார். நான் பரவாயில்லை என்றேன்.

நாடாவைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகத்தான் நினைத்திருந்தேன். ஆனால் ஜீவராஜ் சேர் அதை மேனுகாவின் படத்துக்கு முன்னால் வைத்து, மாலை போட்டு, இனிமேல் கல்லூரியில் எதை அளந்தாலும் இந்த நாடாவால்தான் அளக்கவேண்டும், அதுதான் அந்தப் பிள்ளைக்கு நாங்கள் செய்யும் மரியாதை என்று ஒலிவாங்கியில் அறிவித்தார். மாலை போட்ட பொருளைத் திருப்பிக் கேட்பது முறையல்ல.

முதல் வாரத்தில் மைதானத்தை அளந்தார்கள். கொழும்பிலேயே பெரிய கூடைப்பந்து மைதானம் எங்களுடையது என்று தெரியவந்தது. கல்லூரி முகநூல் பக்கத்தில் போட்டார்கள். நான் விருப்பக்குறி இட்டேன்.

பிறகு இல்ல விளையாட்டுப் போட்டி. நீளம் பாய்தலில் அனுஷியா என்ற பதினான்கு வயதுப் பிள்ளை ஆறு மீட்டர் எழுபது பாய்ந்தாள். குண்டெறிதலில் சமையலறைப் பொறுப்பாளர் சும்மா எறிந்து பார்த்ததே சாதனையாகிவிட்டது. அனுஷியாவின் தகப்பன் தெமட்டகொடையில் அவர்களுடைய ஒழுங்கை முகப்பில் பதாகை கட்டினார். பிள்ளை என்னிடம் வந்து, “அங்கிள், உங்கட டேப் ராசியான டேப்” என்றாள். நான் வாழ்த்தினேன். மாகாணத் தேர்வுக்குப் போன இடத்தில் அவள் நான்கு மீட்டர் பதினொன்று பாய்ந்தாள். அங்கே நாடா சரியில்லை என்று அழுதாளாம். உண்மையைப் பிள்ளைக்குச் சொன்னது உங்கள் குழு, மெடம். நான் அல்ல. நான் சொல்லியிருக்க மாட்டேன்.

அடுத்தது கழிவறை. கட்டியவர் மேசன் ராமையா. தலவாக்கலைப் பக்கம் சொந்த ஊர், பத்து வருடமாகக் கல்லூரி வேலை செய்கிறார். அவரிடம் சொந்த நாடா இருந்தது. ஜீவராஜ் சேருடைய உத்தரவால் அதைப் பையில் வைத்துவிட்டார். பழைய மாணவன், அளவையாளன் என்ற வகையில் வேலையைப் பார்வையிட்டுக் கையெழுத்து வைப்பது என் பொறுப்பு. நிலை வைத்த அன்று ராமையா என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார்.

“சார், தப்பா நெனைக்காதீங்க. இந்த வாசல்ல பூனதான் போகும்.”

“திட்டத்தில் இரண்டரை அடி அகலம். நாடாவில் எவ்வளவு?”

“நாடாவுல ரெண்டரதாங்க. கண்ணுக்குத்தான் ஒன்னரையா தெரியுது.”

“கண்ணை நம்புறதா, நாடாவை நம்புறதா?”

அவர் நாடாவின் உறையைத் திருப்பிப் பார்த்தார். “நாடாவத்தாங்க நம்பணும். அம்மா பேரு போட்டிருக்கே.”

நான் கையெழுத்து வைத்தேன்.

அன்று ஜீவராஜ் சேர் உள்ளே எப்படிப் போனார் என்று நீங்கள் ஆச்சரியப்பட்டிருந்தீர்கள். தலையைக் குனிந்து, பக்கவாட்டாக, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு. கட்டடத்தைத் திறந்துவைத்தவர் அவர்தான், முதலில் பயன்படுத்தும் உரிமை தனக்கே என்று நினைத்தார். உள்ளே திரும்ப இடமில்லை. பின்பக்கமாக வெளியே வந்தார். வாசல் நடுவில் நின்றுவிட்டார்.

“கிஷாந்தைக் கூப்பிடுங்கோ!” என்று உள்ளிருந்து குரல் வந்தது. “அவன் அளவுகாரன். அவன் வந்து பாக்கட்டும்!”

வந்தேன். மேனுகாவின் நாடாவைக் கொண்டுவரச் சொன்னேன். வாசலை அளந்தேன். பிறகு, அவருடைய அனுமதியுடன், அவரை அளந்தேன்.

“சேர், வாசல் இரண்டரை அடி.”

“நான்?”

“மூன்று அடி மூன்று அங்குலம்.”

“டேய், போன கிழமைதானே காற்சட்டைக்கு அளவு குடுத்தனான். நான் எப்ப இவ்வளவு பெருத்தனான்?”

ராமையா அப்போதுதான் தன் பையிலிருந்து பழைய நாடாவை எடுத்தார். இரண்டையும் நிலத்தில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். பிறகு என்னைப் பார்த்தார். திட்டவில்லை. சுத்தியலை எடுத்துக்கொண்டு நிலையிடம் போனார். லவினா மிஸ் இரண்டு நாடாக்களுக்கும் முன்னால் குந்தியிருந்தார். எழுபதுக்கு நேரே விரலை வைத்து, “நாற்பத்து மூண்டு” என்று மட்டும் சொன்னார். பின்னால் பிள்ளைகள் கல்லூரிக் கீதம் பாடினார்கள்.

இவ்வளவுதான் நடந்தது. அன்பினால் செய்தேன் என்று லவினா மிஸ் உங்களிடம் சொல்லியிருக்கிறார். பெருந்தன்மை. ஆனால் அது சரியல்ல. அச்சில் வந்துவிட்ட ஓர் எண்ணைக் காப்பாற்றினேன். அந்த எண் என்னுடையதும் அல்ல, மாமாவுடையது.

என்று எழுதி இங்கே முடித்திருந்தேன். நேற்று நீங்கள், மாமா உங்கள் குழுவுக்கு எழுதிய கடிதத்தின் பிரதியை அனுப்பினீர்கள். அவர் எழுதியிருப்பது இது: ‘தூரம் எவ்வளவு என்று மருமகனிடம் கேட்டேன். எழுபது என்றார். நாற்பது என்றிருந்தால் எனக்கு இன்னும் வசதி. தோற்பது, ஏற்பது என்று எத்தனையோ எதுகை கைவசம் இருந்தன.’

மாமா சொல்வது உண்மை. எண்ணைக் கொடுத்தவன் நான்.

இறுதிப் போட்டியன்று காலை மேனுகா, “கடைசி வரைக்கும் நிண்டு பாக்கவேணும், என்ன?” என்று கேட்டிருந்தாள். நான் தலையாட்டினேன். மூன்று வினாடி மீதி இருந்தபோது நான் கோட்டின் ஓரத்தில் இல்லை. எனக்குப் பசித்தது. தோற்றுவிட்டோம் என்று நினைத்துக் கன்ரீனுக்குப் போயிருந்தேன். ஆரவாரம் கேட்டுத் திரும்பியபோது எல்லோரும் அவளைத் தூக்கியிருந்தார்கள்.

“பாத்தனீங்கள்தானே?” என்று ஓடிவந்து கேட்டாள். ஓம் என்றேன். பிறகும் கேட்பாள். விருந்துகளில், பேருந்தில், சும்மா இருக்கும்போது. ஒவ்வொரு தடவையும் ஓம் என்றேன். எந்தக் கை என்று அவள் ஒருநாளும் கேட்கவில்லை. எவ்வளவு தூரம் என்றும் கேட்கவில்லை.

ஆகவே மாமா கேட்டபோது, எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே தூரத்தைச் சொன்னேன். அளவைப் படிப்புக்குச் சேர்ந்த முதல் மாதம், யாருக்கும் சொல்லாமல் கல்லூரிக்குப் போய் அளந்தது. அவள் நின்ற இடத்திலிருந்து, நான் முதுகைக் காட்டிக்கொண்டு ரோல்ஸுக்குச் சோஸ் கேட்ட கன்ரீன் யன்னல் வரைக்கும், எழுபது அடி. அது நல்ல நாடா.