இடமில்லை என்றாலும் மூச்சு நிற்கலாகாது என்ற அக்காவுக்கு

மூச்சுக் கருவியின் உள்ளே எவர் கண்ணுக்கும் படாத, கர்னல் என்னும் ஆணிவேர் நிரலைக் கட்டிக் காத்த காவலரே! கேட்டது கிடைக்காத நேரத்தையும் கருதிக் கட்டளை எழுதிய கைகளுக்கு உரியவரே! "இல்லைன்னா?" என்ற ஒற்றைக் கேள்வியால் ஊரையே எரிச்சலூட்டி, அதனாலேயே எங்கள் உள்ளத்தில் ஏறி அமர்ந்த 'இல்லைன்னா அக்கா'வே! பணி நிறைவு பெறும் இந்நாளில், பெட்டி சுமந்து காய்த்த கைகள் கூப்பி, சுமை ஏற்றும் கூடத்தாரான நாங்கள், சோதனைக்கூடத்தாரோடு சேர்ந்து வாசித்தளிக்கும் மடல் இது.

உங்கள் வேலை என்னவென்று ஒருநாள் தேநீர் வேளையில் கேட்டோம். இயந்திரத்துக்குள் ஓடும் நிரல்கள் ஓயாமல் நினைவகத்தில் இடம் கேட்கும், அந்த இடத்தைப் பங்கிட்டுக் கொடுப்பது கர்னல் என்றீர்கள். "முக்காவாசி நேரம் குடுத்துரும். அதனாலதான் எல்லாரும் மெத்தனமா எழுதுறாங்க. என்னைக்காவது ஒருநாள் இடமில்லைன்னு கைய விரிச்சிரும். அப்ப என்ன பண்றதுன்னு எழுதலன்னா, கிடைக்காத இடத்துல கால வெச்சு விழ வேண்டியதுதான். மத்த நிரல் விழுந்தா கர்னல் தாங்கும். கர்னலே விழுந்தா தாங்க யாரு இருக்கா?"

ஆகவே, இடம் தாராளமாக இருக்கும்போதே 'இல்லை' என்று சொல்ல வைத்துச் சோதித்தீர்கள். நிரல் இடம் கேட்கும் முதல் கேட்பில் மறுப்பு, அடுத்த முறை இரண்டாம் கேட்பில், அதற்கடுத்து மூன்றாவதில். பாதியில் மறுப்பு வந்தால், அதுவரை வாங்கிய இடங்களைக் கடைசியில் வாங்கியதிலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பித் தர வேண்டும் என்பது உங்கள் சட்டம். வண்டியில் கடைசியாக ஏற்றிய பெட்டியை முதலில் இறக்கும் எங்களுக்கு அது சட்டென்று விளங்கியது.

விளங்காமல் போனது, ஒரு மருத்துவமனையின் பெரிய ஆர்டர் கிளம்பவிருந்த நாளில்தான். கருவிப் பெட்டிகள் ஏறி, தார்ப்பாய் போர்த்தி, கயிறும் கட்டியாயிற்று. மூச்சிரைக்க ஓடி வந்து வண்டிமுன் நின்றீர்கள். எல்லாக் கேட்பையும் மறுக்க வைத்துப் பார்த்தபோது அலாரம் ஊமையாகிவிட்டதாம். 'இடமில்லை' என்று கத்துவதற்கே அது கொஞ்சம் இடம் கேட்டிருக்கிறது!

"இடம் தாராளமா இருக்கும்மா. நடக்காத விஷயத்துக்கு வண்டிய நிறுத்துவீங்களா?" என்றார் மேலாளர்.

"இல்லைன்னா சார்?"

எங்கள் கூடத்து மீசை பொங்கிவிட்டார். "கட்டுன கயித்த அவுக்கச் சொல்றீங்களே அக்கா, எங்க கூலிய யாரு தருவா? உங்க கர்னலா?"

நீங்களே முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினீர்கள்; பழக்கமில்லாத விரலில் நகம் பிய்ந்தது. அதன்பின், கருவியின் மின்விசையைப் போட்டவுடனேயே, நோயாளிக்குக் குழாய் மாட்டும் முன்பே, அலாரத்துக்கான இடத்தை ஒதுக்கி வைக்கும்படி திருத்தி எழுதினீர்கள். அந்த இடம் கிடைக்காவிட்டால் கருவி வேலைக்கே இறங்காது. திருத்தி முடிப்பதற்குள் ஆர்டர் கை நழுவிப் போனது; திரும்பி வரவே இல்லை. பாதிக் கூலி வாங்கிய வீடுகளில் அடுப்பு அரைவயிற்றுக்கு எரிந்தது. எதிரே வந்தால் முகம் திருப்பினோம். நீங்களோ திருத்தியதைத் திரும்பத் திரும்பச் சோதித்துக்கொண்டிருந்தீர்கள்.

திருத்தத்துக்குப் பின் வேறொரு மருத்துவமனைக்குப் போன கருவி ஒன்று பின்னொரு நாள் திரும்பி வந்தது. கொண்டுவந்தவர் கொதித்தார். "வேற மெஷின் குடுங்கப்பா! திரை அணைஞ்சு போச்சு, அலாரம் வார்டு பூரா ஒரே கத்தல்!"

மீசை கேட்டார்: "மூச்சு?"

"மூச்சு என்னமோ விடாம குடுத்துச்சு. சத்தம் கேட்டு நர்ஸ் ஓடியாந்து வேற மெஷின்ல மாத்திட்டாங்க. அதுல மூச்சு விட்டுக்கிட்டிருந்த பெரியவரு நேத்து நடந்தே வீட்டுக்குப் போனாரு."

"அப்புறம் என்னய்யா புகாரு?"

வாங்கிய இடத்தைத் திருப்பாத ஏதோ ஒரு நிரல், அந்தக் கருவியின் நினைவகத்தைச் சிறுகச் சிறுகத் தின்று தீர்த்திருந்தது. இடம் போனது, படம் போனது; மூச்சு போகவில்லை. பழுதென்றே அதற்குச் சீட்டு ஒட்டினார்கள். ஆனால் மீசை உங்கள் மேசைக்கு வந்து, "அக்கா, அது கத்திருச்சு" என்று மட்டும் சொன்னார். நீங்கள் இரு கையாலும் முகத்தை மூடிக்கொண்டீர்கள்.

பாராட்டு எதுவும் அதற்கு வரவில்லை, அக்கா. வந்தது அந்த ஒரு புகார்தான். அதையே இன்று பொன்னாடையாகப் போர்த்துகிறோம். இனிப் பொழுது விடியும்போது பதறி எழ வேண்டாம். பசித்தபோது உண்டு, அலுத்தபோது படுத்து, நோய் நொடி அண்டாமல் நூறாண்டு கடந்தும் வாழுங்கள். உங்கள் பெயர்கூடத் தெரியாத அந்தப் பெரியவர் இந்நேரம் தம் வீட்டில் இழுத்து விடும் ஒவ்வொரு மூச்சும் எங்கள் வாழ்த்தாக உங்களை வந்து சேரட்டும்!

நெஞ்சார்ந்த நன்றியுடன்,
சுமை ஏற்றும் கூடத்தாரும் சோதனைக்கூடத்தாரும்