மீதிப் பாதி

அம்மா: மெதுவா எழுந்திரு! திரும்பவும் சுத்துதா?

மகள்: கொஞ்சம்தாம்மா… சுவரு நகருது.

அப்பா: உக்காரு, உக்காரு. டாக்டர் கூப்பிட நமக்கு முன்னாடி இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க.

அம்மா: கால் வேற வீங்கியிருக்கு. செருப்பு வாரைக்கூட மாட்ட முடியல.

அப்பா: பிரஷர் மாத்திரையோட தாள்லயே போட்டிருக்கே. தலை சுத்தலாம், கால் வீங்கலாம்னு.

அம்மா: பிரஷர் ஏறினாலும் சுத்துங்கறாங்க, இறங்கினாலும் சுத்துங்கறாங்க. நான் எதைத்தான் நம்பறது?

மகள்: எட்டு வயசுல எனக்கு எதுக்குப்பா பெரியவங்க வியாதி?

அப்பா: வாயைப் பாரு! கிட்னி கொஞ்சம் மக்கர் பண்ணுது, அவ்ளோதான்.

அம்மா: எனக்கு பயமா இருக்குங்க. தலைக்குள்ள ஏதாவது…

அப்பா: அட, சும்மா இரு. எல்லாம் மாத்திரை பண்ற வேலை. டாக்டர் மாத்திக் குடுப்பாரு.

அம்மா: மாத்திரை இல்லங்க.

அப்பா: உனக்கு எப்படித் தெரியும்?

அம்மா: தெரியும்…

அப்பா: என்னத்த மென்னு முழுங்கறே? சொல்லு.

அம்மா: திட்டக் கூடாது. பத்து நாளா… பாதிதான் குடுக்கறேன்.

அப்பா: என்னது! டாக்டரைக் கேக்காமலா?

அம்மா: புள்ள தள்ளாடறதைப் பாத்துட்டு முழுசா குடுக்க மனசு வரல. வேலைக்குக் கிளம்பற அவசரத்துல பாதியை இவ வாயில போட்டுட்டு, மீதியை இவகிட்டயே குடுத்துக் குப்பையில போடச் சொல்லுவேன். அப்பாகிட்ட மூச்சு விடாதேன்னும் சொல்லி வச்சேன்.

அப்பா: இவகிட்டயா…

அம்மா: பாதியா குறைச்சும் சுத்தல் துளிகூட குறையல! அப்போ வேற ஏதோ பெருசாத்தானே… ஐயோ, நான் என்ன பண்ணுவேன்!

மகள்: அழாதம்மா…

அம்மா: நீங்க ஏன் இப்படி பேய்முழி முழிக்கறீங்க?

அப்பா: இல்ல… குப்பைக்கூடைகிட்ட…

மகள்: அப்பா, நான் சொல்லிடட்டுமா?

அம்மா: என்னடி சொல்லணும்?

அப்பா: நானே சொல்றேன். கழுதை நம்மள ஏமாத்திட்டு பாதி மாத்திரையைத் தூக்கிப் போடுதுன்னு நெனச்சேன்டி… உனக்குத் தெரிஞ்சா நீ இவளைப் பிச்சிடுவியேன்னுதான் சொல்லல. பத்து நாளும் அந்தப் பாதியை, பக்கத்துல நின்னு, நான்தான் முழுங்க வச்சேன்.