அர்ஜுனனின் இடது கை

ஐயா, அடைகாக்கும் பெட்டியில் வைத்த கோழி முட்டையை நாளுக்கு மூன்று முறையாவது புரட்டிவிட வேண்டும். இல்லையேல் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். இந்த வேலையை எங்கள் ஆய்வகப் பணியாளர் அர்ஜுனனைப் போல் எவரும் பொறுப்பாகச் செய்ததில்லை. விடுமுறையிலும் தவறாமல் வருவார். கார்த்திகை தீபத்தன்று மாலையிலும் அவர் அங்கே இருந்தது அதனால்தான்.

என் பெயர் சக்கரபாணி. இவ்வூர்க் கல்லூரியொன்றில் விலங்கியல் பயிற்றுநர். நான்கு ஆண்டுகளாக ஒரே ஆராய்ச்சி. மூன்று நாள் கருவில் கோழியின் இறக்கை ஒரு சிறு மொட்டு மட்டுமே. அதன் பின்னோரத்திலிருந்து கடுகளவு சதையை எடுத்து, வேறொரு கருவின் மொட்டில் முன்னோரத்தில் ஒட்டினால், விரல்கள் கண்ணாடியில் பிரதிபலித்தாற்போல் இரட்டிக்கும். மீனின் துடுப்பு, கோழியின் இறக்கை, நம் கை ஆகிய மூன்றும் ஒரே பழைய விதிப்படி முளைப்பவை என்பது என் பணிவான கருத்து. கோழியில் காட்டிவிட்டேன். மனிதனில் காட்ட வழியில்லை என்றிருந்தேன்.

அர்ஜுனனின் இடது கையில் கட்டைவிரல் இல்லை, விரல்கள் ஏழு. நடுவே சுட்டுவிரல், அதன் இருபுறமும் வரிசை மாறாமல் நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல். பிறவியிலேயே அப்படி.

முட்டை கொண்டுவரும் ஜானி பாஷா அவரைச் சீண்டுவார். "உனுக்கின்னாபா, ரெண்டு விரலு ஜாஸ்தி. எண்ணிக்கையில என்னை ஏமாத்திடுவே."

"கட்ட விரலு கம்மியா இருக்குதே பாய், அத்த எதுல கழிக்கிறது?" என்பார் அர்ஜுனன்.

அந்தக் கையின் எலும்புகளைப் பார்க்க விரும்புவதாக ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் சிரித்தார். "செத்தப்புறம் எடுத்துக்குங்க சார். எரிக்கிறதுக்கு வெறகு மிச்சம்." அது வாக்குறுதி, ஐயா. ஜானி பாஷாவே சாட்சி.

ஐப்பசியில் நிலைமை மாறியது. அவர் மகள் உண்ணாமலையைப் பெண் பார்க்க வந்தவர்கள் தகப்பனின் கையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். "ஆஸ்பத்திரியில மூணு விரல எடுத்துர்றாங்களாம் சார். தீபம் முடிஞ்சதும் போறேன்" என்றார். வெட்டியதை எங்கே போடுவார்கள் என்று கேட்டேன். குப்பையில்தான் என்றார். வேண்டாம் என்று இருமுறை மன்றாடினேன். "பொண்ணு வாழ்க்கை சார்" என்று மட்டும் சொன்னார். எனக்கு வேறு வழியில்லாமல் போயிற்று.

தீபத்தன்று ஆறு மணிக்கு மலையுச்சியில் சுடர் எழுந்ததும் ஊரே மேற்கே திரும்பி முழங்கும். அவர் மட்டும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, குனிந்து முட்டைகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். நுண்ணோக்கி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. கல்லூரிச் சொத்து என்பதால் அதைத் தொடவில்லை. குடுவை நிறுத்தும் என் சொந்த இரும்புத் தாங்கியால் பின்மண்டையில் அடித்தேன். அவர் விழவில்லை. திரும்பி, "சார், முட்டை" என்றார். இரண்டாம் அடியில் விழுந்தார். மூன்றாவதில் மண்டையோடு உள்வாங்கியது. முழக்கம் அதற்குள் அடங்கவில்லை. அது எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று சென்ற ஆண்டே கடிகாரம் வைத்துப் பார்த்திருந்தேன்.

அவர் இறந்த பிறகு என்றுதான் சொல்லியிருந்தார். ஆகவே நாடியைப் பிடித்தபடி காத்திருந்தேன். பதினொரு நிமிடம் ஆயிற்று. அதற்குமுன் கத்தியைத் தொடவில்லை. முழங்கை மூட்டில் பிரித்தேன். கோழியில் பழகியதால் எலும்பில் கீறல் விழவில்லை. பிறகு மீதி முட்டைகளைப் புரட்டிவைத்தேன்.

மறுநாள் காலை வந்த ஜானி பாஷா, கையைப் போட்டுவைத்த ஜாடியைப் பார்த்ததும் கூடையைக் கீழே போட்டுவிட்டார். இரண்டு டஜன் முட்டைகள் வீணாயின. அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

நேற்று உண்ணாமலை இங்கே காவல் நிலையத்துக்கு வந்திருந்தார். அழவில்லை. "எங்கப்பாவ முழுசா குடுங்க. அந்தக் கையாலதான் எனக்குத் தலை வாரி வுட்டாரு" என்றார். நியாயமான கோரிக்கைதான். ஆனால் மருந்தில் சதை கண்ணாடிபோல் தெளிந்து எலும்பில் சிவப்புச் சாயம் ஏற மாதங்கள் ஆகும். அதுவரை ஜாடியை யாரும் அசைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஐயா. அந்தப் பெண்ணுக்கும் தாங்களே எடுத்துச் சொல்ல வேண்டும். அவருடைய அப்பாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த ஒரு கையை மட்டும்தான்.