இன்னும் கொஞ்சம் ஏத்துக்கா

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. அந்த மின்விசிறி கடகடவென்று அடித்துக்கொள்ளும். தள்ளி உட்கார்ந்தால் நான் சொல்வது காதில் விழாது. என் தம்பியின் ராக் குழு முதல் ஆல்பம் போட்ட கதையைத்தானே கேட்டு வந்தீர்கள்? ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன்.

பதிவு செய்ததெல்லாம் எங்கள் வீட்டுக் கார் கொட்டகையில்தான். சுவரெல்லாம் பழைய மெத்தைகளைக் கட்டி அடைத்தது நான். அறுந்த கேபிளைப் பற்றவைத்ததும் நான். அம்மா போனபிறகு அவனை வளர்த்தவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸருக்கு முன்னால் நான் உட்கார்ந்தால்தான் அவனுக்குக் குரலே எழும்பும்.

பாதிப் பாட்டுகள் முடிந்திருந்தபோது ஆல்பத்தை வெளியிடும் கம்பெனிக்காரர் வந்து கேட்டுவிட்டுப் போனார். அன்று சாப்பிடும்போது தம்பி தட்டைப் பார்த்தபடியே சொன்னான்: "இது முடிஞ்சதும் நாங்க நாலு பேரும் அவங்க ஊருக்கே போயிடுறோம்கா. சவுண்டுக்கு அவங்ககிட்டயே படிச்ச ஆள் இருக்காம். நீயும் எவ்வளவுதான் கஷ்டப்படுவ? ரெஸ்ட் எடு."

நான் கோபப்படவில்லை. அவன் டம்ளரில் தண்ணீர் ஊற்றினேன்.

கொஞ்ச நாளில், காதுக்குள் ஏதோ ரீங்காரம் என்றான். மருத்துவரிடம் காட்டினோம். சோதனை முடிவை வாங்க நான் மட்டும் போனேன். "இந்தச் சத்தத்தை இப்பவே நிறுத்தினா காது தப்பிக்கும். ஹெட்ஃபோனைத் தொடவே விடாதீங்கம்மா" என்றார் அவர்.

வீட்டுக்கு வந்து, "சளிதான்டா, காது அடைச்சிருக்கு. பாடப் பாடச் சரியாயிடும்" என்றேன்.

பாடுகிறவன் இசையையும் தன் குரலையும் ஹெட்ஃபோனில்தான் கேட்பான். அவனுடைய ஹெட்ஃபோனில் சத்தத்தைக் கூட்டக் குறைக்கத் தனிக் குமிழ். அது என் விரலடியில் இருந்தது. "இன்னும் கொஞ்சம் ஏத்துக்கா" என்பான். ஏற்றுவேன். காது மங்க மங்க அவன் கத்திப் பாடினான், குரல் கிழிந்தது.

"டேய், சுடுகாட்டுல இருக்கறவனையெல்லாம் எழுப்பிடாதடா, தூக்கம் கெட்டுதுன்னு சண்டைக்கு வருவான்" என்று டிரம்மர் சிரிப்பான்.

"சும்மா இருடா, உசுரைக் கொடுத்துப் பாடுறான்" என்பான் கிட்டார்காரன்.

அந்தக் கிழிந்த குரலைத்தான் நீங்களெல்லாம் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறீர்கள்.

கடைசிப் பாட்டின்போது அவன் கேட்கவே இல்லை. நானாகத்தான் குமிழைக் கோடிவரை திருப்பினேன். நடுவில் பாடுவதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான்.

"ஏன்கா பாட்டை நிறுத்திட்ட?"

பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மற்ற மூவரும் வேறொரு பாடகனைச் சேர்த்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். நன்றிகெட்ட ஜென்மங்கள். தம்பி எங்கேயும் போகவில்லை. இதோ, உள் அறையில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான். வேளாவேளைக்குச் சோறு, வெளுத்த துணி, ஒரு குறை வைத்ததில்லை. எந்த அக்கா இவ்வளவு செய்வாள்?

அவனிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், முதுகுக்குப் பின்னால் நின்று, ஒன்றுவிடாமல். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. மன்னித்துவிட்டான்.

கிளம்பிவிட்டீர்களா? பத்திரமாகப் போய்வாருங்கள். உங்கள் வீடு நிறைந்து இருக்கட்டும், கண்ணுகளா. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க அங்கே ஒருவராவது இருக்கட்டும்.